இராமநாதபுரக் கரையில் மாதிரி நாணயம் சேர்ப்பது எப்படி

ஒரு நாணயத்தைப் புழக்கத்திற்கு விடுமுன், அதன் உருவத்திற்கும் எடைக்கும் ஒப்புதல் பெறுவதற்காக நாணயச்சாலை அடித்துப் பார்க்கும் சில பிரதிகளே மாதிரி நாணயங்கள். அவை கடைவீதிக்கு வந்தவை அல்ல. கீழக்கரையிலோ தொண்டியிலோ பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தால் கிழக்கிந்தியக் கும்பெனி ரூபாயும், இலங்கை வணிகத்தின் வழியாக வந்த, தாளிப்பனை பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புக் காசும் கிடைக்கலாம். மாதிரி நாணயத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தச் சாதாரணக் காசுகளை நன்கு பழகியவருக்கே மாதிரி கண்ணில் படும்.

இங்கிலாந்து அரசர் நான்காம் வில்லியம் தலை பொறித்த கும்பெனி ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அது புழக்கத்திற்கு வந்தது 1835இல். ஆகவே 1834 என்ற ஆண்டுடன் ஒன்று வந்தால் அது மாதிரியாகவோ போலியாகவோதான் இருக்க முடியும். முதலில் எடை பாருங்கள். 1835 ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பிறகு நகைத்தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, தராசைச் சுழியத்திற்குக் கொண்டுவந்து, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் முங்கும்படி பிடியுங்கள். அந்த எடையுள்ள காசு வெள்ளியானால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும்; செம்பானால் 1.3. ஆனால் செம்பு என்றதும் ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் வெள்ளி நாணயத்தின் மாதிரியைச் செம்பில் அடித்துப் பார்த்ததும் உண்டு.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. பரப்பில் நுண்குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரிந்தால் அது வார்த்தெடுத்த போலி. குழிக்குப் பதிலாக மேடான சிறு புள்ளிகள் தெரிந்தால், துருவேறிய பழைய அச்சைக் கொண்டு பிற்காலத்தில் மறுபடி அடித்ததோ என்று ஐயுற வேண்டும். கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளே சேகரிப்பாளர்களுக்காக அவ்வாறு அடித்துக் கொடுத்தன. அவற்றைப் போலி என்பது தகாது. முதல் அடிப்பின் விலையைக் கொடுப்பதும் தகாது.

‘தனுஷ்கோடி மணலில் கிடைத்தது’ என்று எவரேனும் காசை நீட்டினால் கதையை ரசிக்கலாம், காசை வாங்கக் கூடாது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே ரசீதும் முந்தைய ஏலப் பட்டியலின் பக்கமும் தரக்கூடியவரிடமே வாங்குங்கள்.

வாங்கியதைப் புளியாலோ விபூதியாலோ தேய்க்கவே வேண்டாம். மேற்பரப்பு போனால் விலையும் போயிற்று. உப்புக்காற்றில் செம்பு விரைவில் களிம்பேறும். பிவிசி உறையும் பச்சைப் படலத்தை உண்டாக்கும். ஆகையால் மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுவது அவசியம்.