குளியலறைக்கு ஃபால்ஸ் சீலிங்: காவிரிப் படுகை வீடுகளில் தேர்வும் பொருத்தமும்

குளியலறையைப் புதுப்பிக்கிறவர்கள் டைல்ஸையும் குழாயையும் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்துவிட்டு, தளத்துக்குக் கீழே பலகையால் அமைக்கும் ஃபால்ஸ் சீலிங்கை மட்டும் கடைசி நாளில் வேலையாள் சொல்லும் பலகைக்கு விட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பகுதிகளில் முதலில் கெட்டுப்போவது இந்தச் சீலிங்தான். பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு மேலே இருக்கும் தளமும் அதைத் தாங்கும் சட்டமும் சரியில்லையென்றால் அது நிலைக்காது. எனவே கடைக்குப் போவதற்கு முன் ஏணியில் ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கான்கிரீட் தளமாக இருந்தால் சிறு சுத்தியலால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு பிரிந்திருக்கும் இடம் பொத்தென்று ஒலிக்கும். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருவதால், அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைத்த பிறகே அடுத்த வேலையைத் தொட வேண்டும். பிறகு மொட்டை மாடியின் தண்ணீர்ப் போக்கியை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மேலே இன்னொரு குளியலறை இருந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் அதன் நானி ட்ராப்பும் (தரைத் தண்ணீர் வடியும் இடத்தில் பதிக்கும் பொறி) குழாய் இணைப்புகளும். கசிவை அடைக்காமல் பலகையால் மறைப்பது மிகத் தவறான காரியம். கறை மறையும், கம்பி அரிப்பது நிற்காது.

கசிவை அடைத்த கையோடு சீலிங்கை மூடிவிடவும் கூடாது. ஓரடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் தளத்தின் அடியில் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் நீர்த்துளி கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை என்று பொருள். இந்த வேலைகளுக்கு மாசி முதல் சித்திரை வரையிலான காலமே உகந்தது.

இனிப் பொருள். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), சாதாரண ஜிப்சம் பலகை இரண்டையும் குளியலறைக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்து பூசணம் பிடித்துவிடும். பச்சை நிறத்தில் வரும் ஈரந்தாங்கும் ஜிப்சம் பலகை ஓரளவு தாங்கும் என்றாலும், ஒரே ஒரு கசிவு போதும் அதைக் கெடுக்க. கால்சியம் சிலிக்கேட், ஃபைபர் சிமெண்ட் பலகைகள் தண்ணீர் பட்டாலும் உருக்குலையா. பெயிண்ட் அடித்தால் தளம் போலவே தெரியும். ஆனால் எடை அதிகம், இணைப்புகளை வலைநாடா ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும், மேலே ஏதாவது பழுது வந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது பி.வி.சி. பேனல்தான். கரையான் அரிக்காது, துடைத்தால் அழுக்குப் போகும், வேண்டும்போது கழற்றலாம். வெப்பம்தான் அதன் எதிரி. சூடேறும் விளக்கை அதில் பதிக்கக் கூடாது, ஈரம் புகாத எல்.இ.டி. விளக்கே போதும்.

வேதாரண்யம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் பேனலைவிடச் சட்டத்தில்தான் கவனம் வேண்டும். உப்புக் காற்று மெல்லிய ஜி.ஐ. சேனலின் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடுவதால், அங்கே அலுமினியச் சேனலும் எவர்சில்வர் ஸ்க்ரூவும் கேட்டு வாங்குங்கள். மேலே சேனல் துருப்பிடித்தால் கீழே பேனலின் பொருத்துகளில் செம்மண் நிறக் கறை கோடு கோடாக இறங்கும்.

வாங்கும் கணக்கையும் பார்த்துவிடலாம். பேனல்கள் பெரும்பாலும் 10 அங்குல அகலம், 10 அடி நீளத்தில் கிடைக்கின்றன. 8 அடிக்கு 5 அடி அறையில் பேனலை 5 அடிப் பக்கமாக ஓட்டினால் 10 துண்டுகள் தேவை. ஒரு பேனலில் இரண்டு துண்டு வருவதால் 5 பேனலில் வேலை முடியும். நீளவாக்கில் ஓட்டினால் 6 பேனல் வேண்டும், ஒவ்வொன்றிலும் 2 அடி வீணாகும். அகலவாக்கில் ஓட்டும்போது கடைசித் துண்டு 6 அங்குலமாகக் குறுகி அழகைக் கெடுக்கும். அதற்குப் பதில் நடுவில் 8 முழுத் துண்டுகளும் இரு ஓரங்களில் 8 அங்குலத் துண்டுகளும் வரும்படி பிரித்துக்கொண்டால் இரு பக்கமும் ஒத்திருக்கும்.

கும்பகோணம், தஞ்சாவூர் பழைய தெருக்களில் தேக்குக் கட்டை போட்டுச் செங்கல் அடுக்கிய மச்சு வீடுகளில் மட்டும் இந்தக் கணக்கை மாற்ற வேண்டும். அந்தக் கட்டைகளில் துளை போட்டுத் தொங்கவிடாமல், 5 அடிப் பக்கத்தில் சுவருக்குச் சுவர் அலுமினியச் செவ்வகக் குழாய்களை நிறுத்தி, பேனலை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஒரு பேனல் கூடுதலாகும், கட்டை பிழைக்கும். அந்தக் கட்டைகளுக்குக் காற்று போக இரு எதிர்ச்சுவர்களிலும் கொசுவலை அடித்த சிறு திறப்பு விடுவதும் அவசியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. அங்கேயும் சட்டம் சுவரிலேயே நிற்கட்டும்.

பொருத்தும்போது முதலில் தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பிடித்து நான்கு மூலையிலும் குறியிட்டு நூல் அடியுங்கள். தரையிலிருந்து சீலிங் 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓரச் சேனல் டைல்ஸின் மேல் வருமானால், துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, டைல்ஸைக் கடக்கும்வரை டிரில்லின் சுத்தியல் விசையை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் டைல்ஸ் கீறிவிடும். தாங்கு சேனல்களைப் பேனலுக்குக் குறுக்காக ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். பேனலை அடிப்பதற்கு முன்பே ஒயர்களைக் குழாய்க்குள் இழுத்து முடித்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனின் காற்று சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். சீலிங்கின் மேலுள்ள வெற்றிடத்தில் ஆவியை விட்டால் சேனலுக்கு நாமே துரு ஊட்டுகிறோம். பிறகு பேனலின் முனைகளை மறைக்கும் ஓரப் பட்டையான பீடிங்கை அடித்து, முதல் பேனலின் நாக்கில் ஸ்க்ரூ போட்டு, அடுத்ததன் வாயை அதில் செருகிக்கொண்டே போனால் ஸ்க்ரூத் தலைகள் ஒன்றும் வெளியே தெரியா. வெயிலில் பேனல் நீளும் என்பதால், இரு முனைகளிலும் பீடிங்குக்குள் கால் அங்குல இடம் விட்டே வெட்டுங்கள். இறுக்கி அடித்த பேனல் பங்குனி வெயிலில் நடுவில் வளைந்துவிடும்.

கீசரின் வால்வுக்கோ மேல்வீட்டு ட்ராப்புக்கோ நேர் கீழே, ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும். கீசரை மட்டும் சீலிங்கில் தொங்கவிடாமல் சுவரிலேயே பொருத்துங்கள். மழை பிடித்த முதல் வாரத்தில் அந்தக் கதவைத் திறந்து டார்ச் அடித்து, தளத்தில் ஈரம் உள்ளதா, ஸ்க்ரூத் தலைகளில் துரு தொடங்கியதா என்று பாருங்கள்.