கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: அடுத்த பக்கவாதத்தைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அப்பாவுக்குக் கழுத்துல 70 பர்சென்ட் பிளாக்காம்." குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரி வந்து விழுந்தால் போதும். சிங்கப்பூரில் ஜூரோங்கில் இருக்கும் அக்கா, பொங்கோலில் இருக்கும் தம்பி, ஊரிலிருந்து சித்தப்பா என எல்லோரும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்வார்கள். சிலர் அதை 'பக்கவாதம் வர 70 விழுக்காடு வாய்ப்பு' என்றே படித்துவிடுவார்கள். தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான்.

அந்த எண் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் குழாய் ஏற்கெனவே ஏதாவது அறிகுறி காட்டியதா, காட்டியது என்றால் எப்போது?

1991இல் வெளியான நாசெட் என்ற வட அமெரிக்க ஆய்வுதான் இன்றும் இந்தத் துறைக்கு அடித்தளம். அதில் இருந்தவர்கள் லேசான பக்கவாதமோ, வந்து மறைந்த அறிகுறியோ கண்டவர்கள். அதற்குக் காரணமான பக்கத்துக் குழாயில் 70 முதல் 99 விழுக்காடு அடைப்பு உள்ளவர்கள். மருந்து மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 100க்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் பரவலாகாத காலம் அது. இன்றைய மருந்துகளோடு 26 என்பது குறைவாகவே இருக்கும். எந்த அறிகுறியும் காட்டாத அடைப்பு என்றால் கதையே வேறு. ஒழுங்காக மருந்து எடுப்பவருக்கு ஆண்டுக்கு 100க்கு ஒன்று என்ற அளவில்தான் ஆபத்து. அதே 70, இரண்டு வேறு மனிதர்கள், இரண்டு வேறு எதிர்காலம்.

ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ 'ஃபுல் செக்கப்' முடித்து, அதில் தற்செயலாகத் தெரிந்த அடைப்போடு பதறிக்கொண்டு வருபவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கழுத்துக் குழாய் ஸ்கேன் தேவையில்லை என்பதே அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2014இல் சொல்லி 2021இல் மீண்டும் உறுதிப்படுத்திய பரிந்துரை. ஸ்கேன் மலிவாகக் கிடைக்கிறது என்பது அதைச் செய்துகொள்ளக் காரணம் ஆகாது.

அப்புறம், அறிகுறி என்றால் எது அறிகுறி? எம்ஆர்டி ரயில் நிலையப் படியேறும்போது தலை சுற்றியது, உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டியது, இதையெல்லாம் கழுத்து அடைப்பின் கணக்கில் எழுதுவது மிகச் சாதாரணமான தவறு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இந்தக் கழுத்துக் குழாயின் (கரோட்டிட்) அடைப்பு தனியான தலைச்சுற்றலாக வெளிப்படுவது அரிது. அது காட்டும் அடையாளங்கள் வேறு: ஒரு பக்கக் கை கால் தளர்வது, ஒரு பக்க முகம் தொங்குவது, பேச்சு குழறுவது அல்லது வார்த்தை வராமல் போவது, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் சில நிமிடம் பார்வை மறைவது.

பக்கத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும். இடது குழாயில் அடைப்பு என்றால் வலது கை தளரும். கண் மட்டும் அதே பக்கம், அதாவது இடது கண். அடைப்பு வலதில், தளர்ந்ததும் வலது கை என்றால், அந்தப் பக்கவாதத்துக்கு இந்த அடைப்பு பொறுப்பில்லை. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். மண்டைக்குள்ளே போகும் குழாய்களில் அடைப்பு இருக்கலாம். இரண்டாவது காரணம் நம் ஊருக்கு முக்கியம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஆசியர்களிடம் மண்டைக்குள் குழாய் சுருங்குவது ஐரோப்பியர்களைவிட அதிகம். கழுத்தில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு அதைக் காட்டாது. 'கழுத்து ஸ்கேன் கிளியர்' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவது அவசரம்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்துவது, "பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதே" என்ற நிம்மதி. கை தளர்ந்தது, டீ கிளாஸ் நழுவியது, பிறகு சரியானது. சனிக்கிழமை நடந்தது, திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். வந்து மறைந்த அறிகுறிக்குப் பின் உண்மையான பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் இரண்டு நாட்களில்தான். அடுத்த இரண்டு வாரமும் அது தணிந்துவிடுவதில்லை. ஆக்ஸ்ஃபர்டில் நடந்து 2007இல் வெளியான எக்ஸ்பிரஸ் ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கும் லேசான பக்கவாதம் வந்தவர்களுக்கும் சிகிச்சையை உடனடியாகத் தொடங்கியபோது, 90 நாளில் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 விழுக்காட்டிலிருந்து 2.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. புதிய மருந்து எதுவும் இல்லை; இருந்த மருந்தை நேரத்தோடு கொடுத்தார்கள், அவ்வளவுதான். சரியாகிப் போனாலும் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைப்பதுதான் முறை.

கழுத்துக் குழாயைத் திறந்து கொழுப்பை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இதே கணக்கு. இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளத் தள்ளக் குறையும். தீபாவளி முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினால், ஆபத்தான காலத்தைச் சும்மா கடந்துவிட்டு, ஆபத்து குறைந்த பிறகு கத்தியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். மூன்று ஆண்டுக்கு முன் வந்த பக்கவாதத்தை வைத்து இன்று பயப்படுவது இதன் மறுபக்கம். கடைசி ஆறு மாதத்தில் அறிகுறி காட்டிய குழாயைத்தான் மருத்துவர்கள் பொதுவாக 'அறிகுறி உள்ள அடைப்பு' என்று எண்ணுகிறார்கள்.

மதிப்பெண் முறைகளை முழுதாக நம்புவதும் சரியில்லை. வந்து மறைந்த அறிகுறிக்குப் பின் பக்கவாத ஆபத்தைக் கணிக்கும், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஏபிசிடி2 மதிப்பெண் வயது, ரத்த அழுத்தம், அறிகுறி, அது நீடித்த நேரம், நீரிழிவு ஆகிய ஐந்தைத்தான் கேட்கிறது. கழுத்துக் குழாயைப் பற்றிக் கேட்பதே இல்லை. 52 வயது, அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, ஐந்து நிமிடம் கை தளர்ந்தது என்றால் 7க்கு 2 மதிப்பெண்தான் வரும். அவர் கழுத்தில் 80 விழுக்காடு அடைப்பு இருந்தாலும் அதே 2தான். இந்த ஓட்டை தெரிந்துதான் பிறகு வந்த ஏபிசிடி3-ஐ முறையில் கழுத்து அடைப்பையும் மூளை ஸ்கேனையும் சேர்த்தார்கள்.

இன்னொரு குழப்பம், இரண்டு அறிக்கைகளை ஒப்பிடுவது. அடைப்பின் விழுக்காட்டை அளக்க இரண்டு முறைகள் உண்டு. வட அமெரிக்க முறை, சுருங்கிய இடத்தை அதற்கு மேலே உள்ள நல்ல குழாயோடு ஒப்பிடுகிறது. பழைய ஐரோப்பிய முறை, அந்த இடத்தில் குழாய் முன்பு எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று ஊகித்து அதோடு ஒப்பிடுகிறது. அதனால் ஐரோப்பிய முறையில் 70க்கு மேல் காட்டும் குழாய் வட அமெரிக்க முறையில் 50ஐ ஒட்டித்தான் நிற்கும். ஊரில் 75 என்றார்கள், இங்கே 55 என்கிறார்கள், மாத்திரையில் கரைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். அல்ட்ராசவுண்டு அடைப்பை ரத்தம் பாயும் வேகத்தை வைத்தே பெரும்பாலும் கணக்கிடுகிறது. ஒரு பக்கக் குழாய் முழுதாக மூடியிருந்தால் மறுபக்கம் ரத்தம் வேகமாகப் பாயும், அங்கேயும் அடைப்பு கூடுதலாகத் தெரியும். சிகிச்சையை முடிவுசெய்யும் முன் சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராம் எடுப்பது இதனால்தான்.

அளவைவிடக் கொழுப்புப் படிவின் தன்மை முக்கியமாகும் நேரமும் உண்டு. சில படிவுகள் இறுகிக் கிடக்கும். சில, பழுத்த கட்டிபோல் எப்போது உடையும் என்று தெரியாமல் இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்திருப்பது, மேற்பரப்பு புண்ணாகியிருப்பது இரண்டும் கெட்ட அடையாளங்கள். உட்கசிவை எம்ஆர்ஐ காட்டும். 50 விழுக்காட்டுக்குக் குறைவான அடைப்பிலும் அது இருந்தால் ஆபத்து கூடுகிறது. மறுபுறம், மயிரிழை மட்டும் மிச்சமிருக்கும் 99 விழுக்காடுதான் மிக ஆபத்து என்பதும் சரியல்ல. அடைப்பைத் தாண்டி மேலே உள்ள குழாயே சுருங்கிப்போன நிலையில் அறுவை சிகிச்சையின் பலன் குறைவு. 100 விழுக்காடு மூடிவிட்டால் பொதுவாகத் திறப்பதே இல்லை.

"78 வயசு, இனிமே ஆபரேஷன் எதுக்கு?" என்று பிள்ளைகளே முடிவெடுத்துவிடுவதும் உண்டு. அறிகுறி உள்ள அடைப்பில் 75 வயதைத் தாண்டியவர்களுக்கே அறுவை சிகிச்சையின் பலன் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின; அவர்களுக்கு மருந்தோடு மட்டும் இருப்பதன் ஆபத்து அவ்வளவு. குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதில்தான், 70 வயதுக்கு மேல் சிகிச்சையின்போதே பக்கவாதம் வரும் ஆபத்து கூடுதல்.

மருந்துப் பக்கம் ஒரு சின்ன எச்சரிக்கை. பக்கவாதம் வந்தவருக்கு, அதுவும் கொழுப்பு அடைப்பு உள்ளவருக்கு, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 1.8 மில்லிமோலுக்குக் கீழே இருப்பது நல்லது. இந்திய அறிக்கையில் அதுவே 70 மில்லிகிராம். அங்கே 105 என்று வந்ததை 'நார்மல்' என்று ஆய்வகம் அச்சடித்துத் தந்தாலும், அந்த வரம்பு ஆரோக்கியமானவருக்கு உரியது.

மருத்துவரிடம் போகும்போது எந்தப் பக்கம் தளர்ந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள். அறிகுறி நடந்துகொண்டிருக்கும்போது வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். மாரடைப்புக்குச் சொன்னதை இதற்கும் செய்கிறோம், ஆனால் பக்கவாதம் மூளையில் ரத்தக்கசிவாலும் வரும். அடைப்பா கசிவா என்பதை மருத்துவமனையில் சிடி எடுத்த பிறகுதான் சொல்ல முடியும்.