மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் நோயையும் இணைக்கும் மாடல்: முதலில் மறையுங்கள், அப்புறம் கணக்கிடுங்கள்

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நீளம் சுமார் 22 மரபு எழுத்துகள்தான். ஆனால் அது ஒரு புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டால் அந்தப் புரதத்தின் உற்பத்தி குறைந்துவிடும். நாட்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோய் உள்ள பலரிடம் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இருக்கும் குரோமோசோம் பகுதியே அழிந்திருப்பதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட தொடர்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. இன்னும் சோதிக்காத ஜோடிகளை எல்லாம் ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க முடியாது. எதை முதலில் சோதிக்கலாம் என்று வரிசை போட்டுக் கொடுப்பதுதான் நம் கணினி மாடலின் வேலை.

தரவுக்கு பீக்கிங் பல்கலைக்கழகக் குழுவின் எச்.எம்.டி.டி. தொகுப்பை எடுங்கள்; மைக்ரோ ஆர்.என்.ஏ.-நோய்த் தொடர்புகளைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளம் அது. அதன் 2.0 பதிப்பிலிருந்து பலரும் பயன்படுத்தும் அணியில் (கட்டம் போட்ட எண் அட்டவணையில்) 495 மைக்ரோ ஆர்.என்.ஏ., 383 நோய்கள், 5,430 தொடர்புகள் இருக்கின்றன. நிரைக்கு ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ., நிரலுக்கு ஒரு நோய், தொடர்பு இருந்தால் 1. மொத்தக் கட்டங்களில் நூற்றுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. மீதியில் இருக்கும் 0-வுக்கு 'தொடர்பு இல்லை' என்று பொருள் கிடையாது, 'இன்னும் யாரும் பார்க்கவில்லை' என்றுதான் பொருள். இதை மானிட்டர் பக்கத்தில் எழுதியே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஒப்புமை. ஒத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒத்த நோய்களோடு தொடர்புபடும் என்ற ஊகத்தில்தான் மாடல் கணிக்கிறது. நோய்களுக்கு மெஷ் என்ற மருத்துவச் சொற்பட்டியலின் கிளை அமைப்பு உதவும்: நோய்க்கு 1, அதன் தாய்ப்பிரிவுக்கு 0.5, அதற்கும் மேலே 0.25 என்று எடை கொடுத்து, இரண்டு நோய்களுக்கும் பொதுவான பிரிவுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். அது போதாத இடத்தில் காஸியன் கர்னல் ஒப்புமையைச் சேர்ப்பார்கள். இரண்டு நிரைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது அளக்கும்.

நான் சறுக்கியது இங்கேதான். முழு அணியையும் வைத்து கர்னலைக் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் தொடர்புகளை ஐந்து பாகமாகப் பிரித்து, சுற்றுக்கு ஒரு பாகத்தை மறைத்துச் சோதித்தேன். ஏ.யூ.சி. (உண்மைத் தொடர்புகளை மற்றவற்றுக்கு மேலே வரிசைப்படுத்தும் திறனின் மதிப்பெண், 1 என்றால் முழுமை) அபாரமாக வந்தது, இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒரே ஒரு நோயோடு மட்டும் தொடர்புள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு 1-ஐ மறைத்தால் அதன் நிரை முழுக்க 0. அப்படியானால் அது யாருக்கு நெருக்கம் என்று மாடலுக்குத் தெரியவே கூடாது. என் கர்னலோ அதே நோயோடு தொடர்புள்ள மற்றவற்றின் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தது. மறைத்த விடை ஒப்புமை வழியாகக் கசிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் முதலில் மறையுங்கள், பிறகு கர்னலைப் புதிதாகக் கணக்கிடுங்கள். மதிப்பெண் இறங்கும். இறங்கிய எண்தான் உண்மையான எண்.

மாடல் எதுவானாலும் சரி, பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்டில் தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள்: ஒவ்வொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் பயிற்சித் தரவில் எத்தனை நோய்கள் உண்டோ, அந்த எண்ணிக்கையையே மதிப்பெண்ணாகக் கொடுங்கள். மிர்-21 மாதிரி பல புற்றுநோய்களிலும் தலைகாட்டுபவை உச்சியில் வந்து உட்காரும், ஏ.யூ.சி.யும் நன்றாகவே வரும். உங்கள் மாடல் இதைத் தாண்டவில்லை என்றால் அது உயிரியல் எதையும் கற்கவில்லை. 1-கள் இவ்வளவு அரிதாக இருப்பதால் துல்லியம்-மீட்பு வளைகோட்டின் பரப்பையும் சேர்த்துப் பாருங்கள்; சொன்னவற்றில் எத்தனை சரி, சரியானவற்றில் எத்தனையைப் பிடித்தோம் என்ற இரண்டையும் அது சேர்த்துக் காட்டும். ஒரு நோயின் நிரல் முழுவதையும் மறைத்தும் சோதியுங்கள். ஒன்றுமே தெரியாத நோய்க்குத்தான் கணிப்பு அதிகம் தேவைப்படுகிறது.

கடைசியில், புற்றுநோயில் அளவு மாறும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் திரட்டும் டி.பி.டெம்க் போன்ற வேறொரு தொகுப்போடு ஒப்பிடும்போது பெயர்களைக் கவனியுங்கள். ஒன்றில் வெறும் மிர்-21 என்று இருக்கும், இன்னொன்றில் மிர்-21-5பி என்று முதிர்ந்த இழையின் பெயர் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் பொருந்த வேண்டியவைகூடப் பொருந்தாமல் போகும். பட்டியலை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒவ்வொரு கணிப்புக்குப் பக்கத்திலும், எந்த மூன்று தெரிந்த தொடர்புகள் அதை மேலே தூக்கின என்று எழுதிக் கொடுங்கள். சோதிக்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.