அமெரிக்கா வந்தாச்சா? முதல்ல மெயில்பாக்ஸை கவனிங்க

ஊர்ல பேங்க் கார்டு வருதுன்னா கூரியர்காரர் போன் பண்ணுவார், ஐடி கேப்பார், கையெழுத்து வாங்குவார், நாம இல்லன்னா பக்கத்து வீட்டு அக்காவுக்கு தகவலாவது தெரியும். இங்க அதெல்லாம் கிடையாதுங்க. சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டெபிட் கார்டு, வருஷ ஆரம்பத்துல வர்ற டபிள்யூ-2 (சம்பளம், பிடிச்ச வரி காட்டற ஃபார்ம்) எல்லாம் சாதா கவர்ல வந்து அபார்ட்மென்ட் வாசல்ல இருக்கற தகர டப்பாக்குள்ள விழும், அவ்ளோதான். அந்த டப்பாவை வேற எவனாவது திறந்தா உங்க பேரு, அட்ரஸ், 9 இலக்க எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) மொத்தமும் அவன் கையில.

நான் வந்த புதுசுல டெபிட் கார்டோட பின் நம்பர் லெட்டர் ஒழுங்கா வந்துச்சு, கார்டு மட்டும் வரவே இல்ல. ரெண்டு வாரம் "வரும் வரும்"னு உக்காந்திருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது முன்னாடி குடியிருந்தவங்க மெயில்பாக்ஸ் சாவியை திருப்பியே குடுக்கலன்னு. அதனால லீஸ் கையெழுத்து போடும்போதே பூட்டு மாத்திட்டீங்களான்னு ஆபீஸ்ல கேளுங்க, கூச்சப்படாதீங்க.

அடுத்தது பேரு. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் உள்ள தனி தலைவலி இது. இனிஷியலை விரிச்சு அப்பா பேரு லாஸ்ட் நேம் ஆயிருக்கும், சில பேருக்கு விசால எஃப்என்யூன்னு, அதாவது "ஃபர்ஸ்ட் நேம் தெரியல"ன்னு, வந்திருக்கும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ரெண்டு லாஸ்ட் நேம். போஸ்ட்மேனுக்கு இது ஒண்ணும் புரியாது, தெரியாத பேருன்னு லெட்டரை திருப்பி அனுப்பிடலாம். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே வீட்ல இருக்கற எல்லார் பேரையும் ஒரு சீட்டுல எழுதி பாக்ஸ் உள்பக்கம் ஒட்டிடுங்க.

யூஎஸ்பிஎஸ்ல (அமெரிக்க தபால்துறை) இன்ஃபார்ம்டு டெலிவரின்னு ஒரு ஃப்ரீ சர்வீஸ் இருக்கு. அன்னிக்கு வரப்போற கவர்களோட முன்பக்க போட்டோ காலைலயே ஈமெயில்ல வந்துடும். போட்டோல இருந்த லெட்டர் டப்பால இல்லன்னா உடனே உஷாராகலாம். கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கி கட்டின பதிவு) இல்லாத புது ஆளுங்களுக்கு ஆன்லைன் வெரிஃபிகேஷன் சில சமயம் ஃபெயில் ஆகும், அப்போ போஸ்ட் ஆபீஸ்ல நேர்ல ஐடி காட்டி முடிச்சுக்கலாம். வீடு மாறினா போஸ்ட் ஆபீஸ்ல மட்டும் அட்ரஸ் மாத்திட்டு விட்டுடாதீங்க, இமிக்ரேஷன்காரங்களுக்கு 10 நாளுக்குள்ள ஏஆர்-11ங்கற அட்ரஸ் மாற்ற ஃபார்ம் தனியா போடணும், இல்லன்னா வேலை பெர்மிட் கார்டு பழைய வீட்டுக்குத்தான் போகும்.

செக். வாடகையை ஆன்லைன்ல கட்ட வழி இருந்தா அப்படியே கட்டுங்க. தெருவோரத்து நீல தபால் பெட்டில இருந்து செக்கை எடுத்து, கெமிக்கல்ல மையை கழுவி, பேரையும் தொகையையும் மாத்தி எழுதி காசாக்கறது இங்க பெரிய பிசினஸ், இதுக்காகவே போஸ்ட்மேனை மிரட்டி பெட்டி சாவியை பிடுங்கறாங்க. செக் அனுப்பியே ஆகணும்னா ஜெல் பேனால எழுதி போஸ்ட் ஆபீஸ் உள்ள போய் குடுங்க, கடைசி பிக்கப் முடிஞ்சப்புறம் ராத்திரி பெட்டில போடாதீங்க.

எஸ்எஸ்என் கார்டை பர்ஸ்ல வெச்சுக்கிட்டு சுத்தறதை நிறுத்துங்க, அது பீரோல இருக்க வேண்டிய பொருள். முதல் கிரெடிட் கார்டு வாங்கி உங்க பேர்ல ஹிஸ்டரி உருவானதும் அந்த ஹிஸ்டரியை வெச்சிருக்கற எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் கம்பெனிங்க மூணுலயும் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்க பேர்ல வேற யாரும் புதுசா கடன் வாங்க முடியாதபடி பூட்டு) போட்டுடுங்க, 2018 செப்டம்பர்ல இருந்து இது ஃப்ரீ. கார் லோனுக்கு தற்காலிகமா எடுக்கணும்னா ஆன்லைன்ல கேட்டா ஒரு மணி நேரத்துல எடுத்துடுவாங்க. மூணு கம்பெனியும் நடுவுல ஏதாவது காசு பிளானை தள்ளப் பாப்பாங்க, அது வேண்டாம், ஃப்ரீஸ் மட்டும் போதும்.

"உங்க பார்சல் நிக்குது, அட்ரஸ் சரி பண்ணுங்க"ன்னு மெசேஜ் வரும். ஊர்ல இருந்து அம்மா முறுக்கு அனுப்பின வாரமா பாத்து வரும்போது கை தானா லிங்க்கை அமுக்கிடும். நீங்களா கேக்காம யூஎஸ்பிஎஸ் அப்படி மெசேஜ் அனுப்பாது. லிங்க்கை தொடாம, ஸ்பாம் மெசேஜை புகார் பண்ற 7726-க்கு ஃபார்வேர்ட் பண்ணிட்டு, டிராக்கிங் நம்பரை நீங்களே அவங்க சைட்ல போட்டு பாருங்க.

ஆர்டரே பண்ணாத பொருள் உங்க பேருக்கு வந்தா சட்டப்படி அது உங்களோடது, காசு குடுக்க வேண்டாம். ஆனா உங்க அட்ரஸ் எவன் கையிலயோ இருக்குன்னு அர்த்தம், பாஸ்வேர்டை மாத்துங்க, உள்ள க்யூஆர் கோடு இருந்தா ஸ்கேன் பண்ணாதீங்க. 2020-ல இப்படித்தான் நிறைய பேருக்கு கேக்காத விதை பாக்கெட் வந்துச்சு, நடாதீங்கன்னு விவசாயத்துறையே சொல்லுச்சு. பவுடர் கொட்டற கவர், எண்ணெய் கறை, அளவுக்கு மீறி டேப் சுத்தின பார்சல், அனுப்பினவங்க அட்ரஸே இல்லன்னா குலுக்காதீங்க, மோந்து பாக்காதீங்க, அங்கயே வெச்சுட்டு கை கழுவிட்டு 911-க்கு (அவசர நம்பர்) போன் பண்ணுங்க.

மாஸ்டர்ஸ் படிக்க வந்த தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு. "வீட்லயே வேலை, பார்சல் வரும், லேபிள் மாத்தி வேற அட்ரஸுக்கு அனுப்பணும்"னு யாராவது சொன்னா அது திருட்டு கார்டுல வாங்கின சாமான். மாட்டினா மாட்டறது உங்க அட்ரஸ், சம்பளமும் வராது, விசாவுக்கும் ஆபத்து.

நம்ம பேரை வெச்சு ஊர்ல அப்பா அம்மாவையும் பிடிக்கறாங்க. "உங்க பையன் அனுப்பின பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, வீடியோ கால்லயே இருங்க, இது டிஜிட்டல் அரெஸ்ட்"னு போலீஸ் யூனிஃபார்ம்ல பேசுவான். அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே இல்ல. கட் பண்ணிட்டு 1930-க்கு (இந்தியாவோட சைபர் கிரைம் ஹெல்ப்லைன்) போன் பண்ணச் சொல்லி முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

இங்க மெயில் திருடு போனா தபால் குற்றங்களை விசாரிக்கற போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸுக்கு போன் பண்ணுங்க, நம்பர் 1-877-876-2455. உங்க பேர்ல கணக்கே திறந்துட்டாங்கன்னா ஐடென்டிட்டிதெஃப்ட்.கவ் (IdentityTheft.gov) சைட்ல புகார் பண்ணுங்க, அதுல கிடைக்கற ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க, பேங்க்ல அதைத்தான் முதல்ல கேப்பாங்க.