அப்பா தலை நிமிர்ந்தார்

மாம்பலம் வீட்டுக் கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தால் அவர் முகமே தெரியாது. மோவாய் நெஞ்சில் புதைந்திருக்கும். பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய் வந்து 6 வருடம் ஆகிறது; ஆனால் கழுத்து இப்படித் தொங்கியது இரண்டே மாதத்தில். டம்ளரை அண்ணாந்து குடிக்கும் மனிதர், காப்பியை ஸ்பூனால் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் நான் நெற்றியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். கழுத்துப் பட்டை போட்டதில் தாடைக்குக் கீழே புண் வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். பார்க்கின்சனுக்குச் சாப்பிடும் பிரமிபெக்ஸால் மாத்திரையின் அளவைக் கூட்டிய சில வாரங்களில்தான் தலை குனியத் தொடங்கியிருந்தது. கணுக்கால் வீக்கமும் அப்போதுதான். நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். இந்த வகை மருந்தால் சிலருக்குக் கழுத்து முன்னால் சாய்வதுண்டு என்றார். நாமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்று எச்சரித்துவிட்டு, படிப்படியாகக் குறைத்தார். பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினார். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுகிறேன். பருப்பு, தயிரில் உள்ள புரதம் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

கூடவே பிசியோதெரபி. சுவரில் முதுகை ஒட்டி நின்று பின்மண்டையால் சுவரைத் தொட முயல வேண்டும். முதலில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. இப்போது இரண்டு விரல். சாயங்காலமானால் இன்னமும் தலை சாய்கிறது.

நேற்றுக் காலை தானாகவே நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, அஞ்சு நிமிஷம் மெதுவா ஓடுது?" என்றார்.