ஆன்லைன்ல பிளானிங் போக்கர்: டீம் மொத்தமும் சேர்ந்து எஸ்டிமேட் போடுறது எப்படி?

ஸ்பிரிண்ட் (வேலைய பிரிச்சு முடிக்கிற சில வாரக் காலம்) பிளானிங் கால் போயிட்டு இருக்கு, என்ன செய்யணும்னு முடிவு பண்ற புராடக்ட் ஓனர் ஒரு ஸ்டோரிய, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையோட விவரத்த, படிச்சு முடிச்சதும் டீம்லயே சீனியரா இருக்கிற அண்ணன் "இது ஒன்னும் பெருசில்ல, ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்"னு சொல்லிடுறாரு. அவ்ளோதான், மனசுக்குள்ள அஞ்சு நாள் கணக்கு போட்டு வச்சிருந்த ஜூனியர் பையன் மியூட்ட எடுக்கவே மாட்டான். ஸ்பிரிண்ட் கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து கோட் அடிக்கிறது யாருன்னு பாத்தா அதே பையன்தான். எனக்கும் இது நடந்திருக்கு, அதனாலதான் அஜைல் டீம்ல, அதாவது இப்படி ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்ட்டா வேலை செய்ற சாஃப்ட்வேர் டீம்ல, புதுசா சேர்றவங்களுக்காக இத எழுதுறேன்.

இதுக்கு இருக்கிற வழி பேரு பிளானிங் போக்கர். எல்லாரும் ஆளுக்கொரு நம்பர மறைச்சு வச்சு, ஒரே நேரத்துல காட்டணும், அவ்ளோதான் விளையாட்டு. 2002-ல ஜேம்ஸ் கிரென்னிங் இத எழுதி வெளியிட்டாரு, அப்புறம் மைக் கோன் மூலமா உலகம் முழுக்க பரவுச்சு. வேர் இன்னும் பழசு, 1970கள்லயே பேரி போம் 'வைட்பேண்ட் டெல்ஃபை'னு இதே மாதிரி ஒரு முறைய சாஃப்ட்வேருக்கு கொண்டு வந்திருந்தாரு.

ஏன் மறைக்கணும்னு கேப்பீங்க. உளவியல் ஆய்வாளர்கள் ட்வெர்ஸ்கி, கானமன் ரெண்டு பேரும் 1974-ல எழுதின கட்டுரைல ஒரு சோதனை வருது. 10-ல இல்லன்னா 65-ல மட்டும் நிக்கிற மாதிரி செட் பண்ணின ஒரு சக்கரத்த சுத்திவிட்டு, ஐ.நா.ல இருக்கிற நாடுகள்ல எத்தன சதவீதம் ஆப்பிரிக்க நாடுன்னு கேட்டாங்க. 10 பாத்தவங்க சொன்னதோட நடுமதிப்பு 25, 65 பாத்தவங்களோடது 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இப்படின்னா, நம்ம மரியாதை வச்சிருக்கிற அண்ணன் சொல்ற நம்பர் என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்க.

படி 1: ரூம் ஓப்பன் பண்ணுங்க

பிளானிங் போக்கர்னு தேடினா இலவச சைட் நெறைய வரும், பல சைட்ல அக்கவுண்டு கூட வேணாம். ரூம் ஒன்ன உருவாக்கி, கார்டு செட்ல ஃபிபொனாச்சிய (1, 2, 3, 5, 8-னு போற நம்பர் வரிசை) செலக்ட் பண்ணி, லிங்க்க டீம் சாட்ல போடுங்க, அவங்கவங்க பேரு அடிச்சு உள்ள வந்துருவாங்க. ரூம நடத்துறது ஸ்கிரம் மாஸ்டரா (டீமோட மீட்டிங்க நடத்தி வைக்கிறவரு) இருந்தா நல்லது. ஓட்டு போட வேண்டியது வேலைய செய்யப் போறவங்க, அதாவது டெவலப்பர், டெஸ்டர், டிசைனர் எல்லாரும். புராடக்ட் ஓனர் விளக்கம் சொல்லணும், ஓட்டு போடக்கூடாது, அவர அப்சர்வரா சேத்துருங்க. மேனேஜரும் அப்படித்தான்.

ஒரு விஷயத்துல கவனமா இருங்க, வெளி சைட்ல கிளையண்ட் பேரு, ஸ்டோரியோட முழு விவரம் எதையும் ஒட்டாதீங்க, ஜிரால (வேலைய பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர்) இருக்கிற டிக்கெட் நம்பர் மட்டும் போதும். சைட்ட ஆபீஸ்ல பிளாக் பண்ணிருந்தாலும் பரவால்ல, மீட்டிங் சாட்லயே எல்லாரும் நம்பர டைப் பண்ணி வச்சுக்கிட்டு "ஒன்னு, ரெண்டு, மூணு"ன்னதும் என்ட்டர் தட்டுங்க. நாங்க பல மாசம் அப்படித்தான் ஓட்டினோம்.

படி 2: அளவுகோல் ஒன்னு வச்சுக்கோங்க

புதுசா வர்றவங்க தடுமாறுறதே இங்கதான். கார்டுல போடுற நம்பருக்கு பேரு ஸ்டோரி பாயிண்ட், அது மணிக்கணக்கு இல்ல, ஒரு வேலையோட ஒப்பிட்டா இன்னொரு வேலை எவ்ளோ பெருசுங்கிற அளவு, அதுல வேலையோட அளவு, சிக்கல், தெரியாத விஷயம் மூணுமே அடங்கும். அதனால டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச, ஏற்கனவே முடிச்ச ஒரு ஸ்டோரிய எடுத்து "இது 3"ன்னு வச்சுக்கோங்க. எங்க டீமுக்கு அது புரொஃபைல் போட்டோ மாத்துற ஸ்கிரீன். புதுசா எது வந்தாலும் அதவிட பெருசா சின்னதான்னு பாத்தா போதும்.

கார்டுல 0, அரை, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100-னு இருக்கும், சில சைட்ல 13-க்கு அப்புறம் 21 வரும். நடுவுல ஏன் இவ்ளோ இடைவெளின்னா, ஒரு கிலோ அரிசிப் பையையும் ரெண்டு கிலோ பையையும் கையில தூக்கினா வித்தியாசம் உடனே தெரியுது, 20 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் தெரியாதில்ல, அதே கதைதான். பெரிய வேலைல 20-ஆ 21-ஆன்னு சண்ட போடுறது வீண். இதுபோக கேள்விக்குறி கார்டு ஒன்னு இருக்கும், ஸ்டோரி புரியலன்னா தயங்காம அதப் போடுங்க. காபி கப் போட்டா பிரேக் வேணும்னு அர்த்தம்.

படி 3: படிங்க, கேளுங்க, ஓட்டு போடுங்க

புராடக்ட் ஓனர் ஸ்டோரிய படிப்பாரு, டீம் சந்தேகம் கேக்கணும், ஆனா இந்த நேரத்துல யாரும் நம்பர் சொல்லக்கூடாது, "ஈசிதான்", "ஐயோ இதா"ன்னு கூட சொல்லக்கூடாது, அதுவும் நம்பர் சொன்ன மாதிரிதான். அப்புறம் எல்லாரும் கார்ட கிளிக் பண்ணுங்க. யார் போட்டுட்டாங்கன்னு மட்டும் டிக் மார்க் தெரியும், என்ன போட்டாங்கன்னு தெரியாது. கடைசி ஆள் வரைக்கும் காத்திருந்து, அதுக்கப்புறம்தான் ரிவீல் அமுக்கணும்.

படி 4: ரொம்ப அதிகம், ரொம்ப கம்மி, இவங்க ரெண்டு பேரும் பேசட்டும்

இந்த மொத்த வேலையும் இந்த ஒரு படிக்காகத்தான்னு நான் நம்புறேன். எங்களுக்கு நடந்ததையே சொல்றேன். ஒரு டெலிவரி ஆப், இங்கிலீஷ்ல போற ஓடிபி எஸ்எம்எஸ்ஸ தமிழ்லயும் அனுப்பணும், இதான் ஸ்டோரி. ரிவீல் பண்ணினா டெவலப்பர்ஸ் நாலு பேரும் 2, டெஸ்டர் பொண்ணு மட்டும் 13. அந்தப் பொண்ணு டீம்ல சேந்து மூணு மாசம்தான் ஆகுது. "ஏன்மா 13 போட்ட?"ன்னு லீட் கேட்டதும் சொல்லுச்சு பாருங்க: "அண்ணா, இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து போகும், தமிழ்னா யூனிகோடு, 70தான் போகும். அதுலயும் 'உங்கள்'னு எழுதினா நமக்கு 4 எழுத்து, அங்க 6. புள்ளிக்கும் தனியா ஒன்னு எண்ணும். நம்ம மெசேஜ் அப்படியே தமிழ்ல போனா ரெண்டு எஸ்எம்எஸ்ஸா உடையும், காசும் ரெண்டு மடங்கு. அதோட டெலிகாம் ஆணையம் டிராய் விதிப்படி புது மெசேஜ் டெம்ப்ளேட்ட டிஎல்டிங்கிற பதிவுத் தளத்துல ரெஜிஸ்டர் பண்ணி அப்ரூவல் வாங்கணும், இல்லன்னா மெசேஜே போகாது."

கால்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. டெவலப்பர்ஸ் போட்ட 2 தப்பில்ல, கோட் வேலை நெஜமாவே அவ்ளோதான், மத்தது அவங்க கண்ணுக்குத் தெரியல. அன்னைக்கு வாய்விட்டு ஆளாளுக்கு சொல்லிருந்தா நாலு பேரு 2 சொன்னதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு 13-னு சொல்லிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல.

ஒன்னு மட்டும் பாத்துக்கோங்க, கேக்குற தொனி விசாரணை மாதிரி இருக்கக்கூடாது, "உங்களுக்கு எங்களுக்குத் தெரியாத எதோ தெரியுது, சொல்லுங்க"ங்கிற மாதிரி இருக்கணும். கம்மியா போட்டவரையும் அதே மாதிரி கேளுங்க, சில நேரம் அவருகிட்ட ரெடிமேட் லைப்ரரி இருக்கும்.

படி 5: திரும்ப ஓட்டு

பேசி முடிச்சதும் கார்ட கிளியர் பண்ணி மறுபடி போடுங்க. எங்களுக்கு ரெண்டாவது ரவுண்டுல 8, 8, 8, 5, 8 வந்துச்சு, 8 எடுத்துட்டு, டெம்ப்ளேட் அப்ரூவல தனி டாஸ்க்கா போட்டு அன்னைக்கே அப்ளை பண்ணிட்டோம். சில சைட் கீழ சராசரி காட்டும், அத தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. முதல் ரவுண்டுல எங்களுக்கு சராசரி 4.2 வந்திருக்கும், 2-ம் இல்ல 13-ம் இல்ல, யாரு சொன்ன வேலையுமே இல்லாத ஒரு நம்பர்.

5-க்கும் 8-க்கும் நடுவுல இழுத்தா பெருச எடுத்துட்டு நகந்துருங்க. மூணு ரவுண்டு போயும் 3-ம் 20-மா நின்னா நம்பர்ல பிரச்சனை இல்ல, ஸ்டோரி தெளிவா இல்ல, திருப்பி அனுப்புங்க. 20, 40 வந்தா உடைச்சு சின்ன ஸ்டோரியா ஆக்குங்க. டெக்னாலஜியே புதுசுன்னா ஒரு ரெண்டு நாள் ஸ்பைக் (ஆராய்ஞ்சு பாக்க மட்டும் ஒதுக்குற நேரம்) போட்டு, என்னன்னு பாத்துட்டு வந்து அப்புறம் ஓட்டு போடுங்க.

மேனேஜரா இருந்து இத படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், இந்த பாயிண்ட்ட வச்சு அப்ரைசல் போடாதீங்க, ஒரு டீம இன்னொரு டீமோட ஒப்பிடவும் செய்யாதீங்க. அப்படி பண்ணின அடுத்த ஸ்பிரிண்ட்லயே 3 எல்லாம் 8 ஆயிரும், மறைச்சு ஓட்டு போட்டு ஒரு புண்ணியமும் இல்ல. ஸ்டோரி பாயிண்ட்ட ஆரம்பிச்சது தானா இருந்தா அதுக்காக வருத்தப்படுறேன்னு அஜைல் முன்னோடிகள்ல ஒருத்தரான ரான் ஜெஃப்ரீஸே எழுதிட்டாரு, காரணம் இந்த மாதிரி தப்பா பயன்படுத்துறதுதான்.

மொத தடவ பண்றப்ப ஒரு மணி நேரம் ஒதுக்கி அஞ்சே அஞ்சு ஸ்டோரி எடுத்துக்கோங்க, அதுல ஒன்னு ஏற்கனவே முடிச்சதா இருக்கட்டும். ஒவ்வொன்னுக்கும் நம்பர ஜிரால ஏத்தும்போது, அதிகமா போட்டவரு சொன்ன காரணத்த ஒரு வரி கமெண்டா சேத்து எழுதிருங்க, அந்த டிக்கெட்ட எடுத்து வேலை செய்யப் போறவரு அன்னைக்கு கால்ல இல்லாமக்கூட இருந்திருக்கலாம்.