வன்னியில் 3–5 வயதுப் பிள்ளைக்கு வோல்டோர்ஃப் பாணிக் கலைத்திட்டம்: தெரிவு செய்வது எப்படி?

இணையத்தில் தேடினால் வோல்டோர்ஃப் பெயரில் வீட்டுக் கல்வித் தொகுப்புகள் நிறையக் கிடைக்கும். அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில், பனி கொட்டும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இருக்கும் ஒருவர் காசு கட்ட முன் பார்க்க வேண்டியவை இவை.

1919இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வோல்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த முறை இது. வழிகாட்டியவர் ருடோல்ஃப் ஸ்டைனர். ஏழு வயதளவு வரை எழுத்தும் கணக்கும் முறையாகப் படிப்பிப்பதில்லை. பெரியவர் செய்வதைப் பார்த்துச் செய்தல், விளையாட்டு, கதை, பாட்டு, கைவேலை, நாளுக்கு நாள் மாறாத ஒழுங்கு ஆகியவைதான் பாடம். 3 வயதுக்கே எழுத்துப் பயிற்சித் தாள் தரும் தொகுப்பு, மட்டையில் என்ன பெயர் இருந்தாலும், இந்த முறை அல்ல.

படி 1: வயதைக் கணக்குப் பாருங்கள்

இலங்கையில் ஜனவரி 31க்குள் 5 வயது பூர்த்தியாகும் பிள்ளை தரம் 1க்குப் போக வேண்டும். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வெளிநாட்டுத் தொகுப்புகளோ 6 வயதுக்கும் ‘கிண்டர்கார்ட்டன்’ பகுதி வைத்திருக்கும். அந்தப் பகுதியை வாங்காதீர்கள், பயன்படாது. 3–4 வயதுக்கான பகுதி மட்டும் போதும். கடைசி ஆண்டில் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பது, சப்பாத்துப் போடுவது, கழிப்பறைக்குத் தானே போவது என்பவற்றை நாளொழுங்கில் சேர்த்துவிட்டால் தரம் 1 ஆசிரியருக்குப் பாதி வேலை குறையும்.

படி 2: நாளொழுங்கை வெயிலோடு ஒப்பிடுங்கள்

மாதிரிப் பக்கத்தில் நேர அட்டவணையைத் தேடுங்கள். பலவற்றில் வெளி விளையாட்டு 10 மணிக்குப் பிறகுதான் வரும். சித்திரை வெயிலில் அது நடக்காத காரியம். இப்படி மாற்றலாமா என்று பாருங்கள்:

- 7.30–9.00 முற்றம் கூட்டல், கன்றுகளுக்குத் தண்ணீர், வெளி விளையாட்டு
- 9.00–9.15 பாட்டும் கைவிரல் ஆட்டமும்
- 9.15–10.15 வீட்டுக்குள் தன்போக்கு விளையாட்டு
- 10.15 சிற்றுண்டி, பிறகு அன்றைய கைவேலை
- 11.15 கதை

நேரம் பிசகினாலும் பரவாயில்லை, வரிசை பிசகக் கூடாது. கதை முடிந்தால் சாப்பாடு என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இழுபறி குறையும்.

படி 3: பருவங்களை மாற்ற இடம் இருக்கிறதா?

அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். தொகுப்பு செப்டெம்பரில் மிக்கேல் திருநாள், நவம்பரில் லாந்தர் ஊர்வலம், டிசம்பரில் பனி என்று ஓடும். பிள்ளை வெளியே காண்பதோ மாரி மழையும் தவளையும் நிரம்பிய குளமும். செய்வதும் காண்பதும் ஒட்டாவிட்டால் இந்த முறையில் மிச்சம் ஒன்றுமில்லை. வன்னி ஆண்டை இப்படிப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்:

ஆவணி–புரட்டாதியில் பனம்பழம், உழவு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, காலபோக வயல், லாந்தருக்குப் பதிலாகக் கார்த்திகை விளக்கீட்டுச் சிட்டி விளக்குகள். தை–மாசியில் பொங்கலும் அரிவு வெட்டும். பங்குனி–சித்திரையில் வேப்பம்பூ. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். பிறகு சோளகக் காற்று, பாலைப்பழம், ஆடிக்கூழ். கத்தோலிக்க வீடுகளுக்கு ஜூலை 2உம் ஓகஸ்ட் 15உம் மடுத் திருவிழா.

வாரக் கைவேலைகளைப் பருவத்தோடு கட்டாமல் தனியாகத் தரும் தொகுப்பு நல்லது. பருவக் கதையை உருவினால் ஒன்றும் மிஞ்சாதது என்றால் விடுங்கள்.

படி 4: கதையும் பாட்டும்

ஒரே கதையை ஒரு கிழமை, இரண்டு கிழமை திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம். புத்தகம் பார்த்து வாசிப்பதில்லை. 3 வயதுக்கு ஐந்து நிமிடம், 5 வயதுக்குப் பத்து. ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்தால் ஓசை செத்துவிடும். ‘நண்டூருது நரியூருது’ இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு? சில தொகுப்புகளில் ஸ்டைனரின் ஆன்மிகக் கருத்துகள் நிறைய வரும். உங்களுக்கு ஒவ்வாதென்றால் மாதிரிப் பக்கத்திலேயே பார்த்து ஒதுக்குங்கள்.

படி 5: பொருள் பட்டியலை உள்ளூர் விலையில் போடுங்கள்

பட்டுத் துணி என்று இருந்தால்: ஒரு பழைய நூல் சேலையில் ஒரு மீற்றர்ச் சதுரமாக ஐந்து துண்டு வரும். மரக்கட்டை என்று இருந்தால்: விழுந்த வேப்பங்கிளையை 5–10 செ.மீ. துண்டுகளாக அறுத்து, அரத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

உருவம் பிடிக்கத் தேன்மெழுகு என்று இருந்தால்: வேண்டாம். வெயிலில் இளகி ஒட்டும். 2 கோப்பை கோதுமை மா, 1 கோப்பை உப்பு, முக்கால் முதல் 1 கோப்பை வரை தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். மாரியில் உப்பு ஈரத்தை இழுத்து மா நசநசக்கும். மூடியுள்ள போத்தலில் வைத்து, இளகினால் ஒரு கரண்டி மா சேருங்கள்.

ஈரத்தாள் நீர்வர்ணத்துக்குச் சாதாரண வரைதல் கொப்பித் தாள் கிழியும், 300 கிராம் (gsm) தடிப்புள்ளது வேண்டும். தாளை நனைத்துப் பஞ்சால் ஒற்றி, முதல் சில கிழமைகள் ஒரே நிறம் கொடுங்கள். மூன்று நிறங்களை ஒன்றாகக் கொடுத்தால் எல்லாம் மண்நிறமாகும்.

இயற்கை மேசைக்கு (வெளியே பொறுக்கிய இலை, விதை போன்றவற்றை அடுக்கி வைக்கும் இடம்) குன்றிமணியும் அலரி விதையும் கூடாது. இரண்டும் நஞ்சு. 3 வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கை இருந்தால் மஞ்சாடியும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பொருள் பொறுக்கும் நடைக்குப் பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிவெடி அபாயப் பலகை உள்ள பக்கமே போகக்கூடாது. தெரியாத இரும்புத் துண்டைத் தொடாமல் பெரியவரிடம் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

படி 6: வாங்க முன் ஒரு கிழமை

இலவச மாதிரியில் ஒரு கிழமையை எடுத்து ஐந்து நாள் செய்யுங்கள். ஒவ்வொரு இரவும் ஆயத்தத்துக்கு எவ்வளவு நேரம் போனது என்று குறியுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அது தோட்டமும் மாடும் உள்ள வீட்டுக்குச் சரிவராது. முதல் மூன்று நாள் பிள்ளை குழம்புவது வழமை, அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஐந்தாம் நாள் நீங்கள் சொல்ல முன் தும்புத்தடியை எடுத்தால் ஒழுங்கு பிடித்துவிட்டது. மாதிரியே தராத தொகுப்புக்குக் காசு அனுப்ப வேண்டாம். தருவதிலும் ஒரு பருவம் தனியாக விற்றால் அதை மட்டும் வாங்குங்கள்.